சுண்டுவிரல் நக அளவுக் கண்ணாடி

மோட்டார் வாகனக் காப்பீட்டில் நான் சர்வேயர். வண்டி மோதிவிட்டது, கவிழ்ந்துவிட்டது என்று யாராவது மனுக் கொடுத்தால், போய்ப் பார்த்து, சேதம் புதுசா பழசா, சொன்ன இடத்தில் சொன்ன மாதிரிதான் நடந்ததா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் நாலுவழிச் சாலையிலேயே என் பாதி வேலை முடிந்துவிடும். இத்தனை வருடத்தில் ஒரு குணம் ரத்தத்தில் ஊறிவிட்டது. எதிரில் நிற்பவர் பேசி முடிப்பதற்குள், இதில் பொய் எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடுவேன். பம்பர் நசுங்கியிருக்கும். நசுங்கின மடிப்புக்குள் துரு இருக்கும். நேற்று நடந்த விபத்தில் துரு எங்கிருந்து வந்தது? இதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பேன். நான் பேசாமல் நின்றால் எதிராளி தானாகக் கொட்டிவிடுவார்.

இந்தக் குணத்தை ஆபீசோடு விட்டுவிட்டு வரச்சொல்லி என் மனைவி சொல்லாத நாளில்லை. எங்கே விடுவது? மதுரைக் கோச்சடையில் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவரிலிருந்து மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி கழுவ வருகிறவர் வரை யாரும் என் பார்வையிலிருந்து தப்பியதில்லை. கூடவே மூக்குக்கு மேல் கோபம். ஐம்பது வயதில் ரத்த அழுத்தம் ஏறியபோது, கையால் பொறுமையாகச் செய்கிற வேலை ஏதாவது பழகிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். தோட்டம் போடுங்கள் என்ற அர்த்தத்தில்தான் சொல்லியிருப்பார். நான் பிளாஸ்டிக் விமானம் ஒட்ட ஆரம்பித்தேன்.

அதில் சின்னதும் பெரிதுமாக நாலைந்து ஒட்டிப் பழகிய பிறகுதான் அந்தப் பெரிய பெட்டியை வரவழைத்தேன். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் சண்டை விமானம். அசலின் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு. முழுதாக ஒட்டி முடித்தால் ஒரு முழத்துக்கும் குறைவுதான், ஆனால் விமானியின் இருக்கைக்கு முன்னால் இருக்கும் கடிகார முட்கள்கூட அதில் உண்டு. இருக்கை வார் பித்தளைத் தகட்டில் வெட்டியிருக்கும், மூச்சு விட்டால் பறந்துபோகும்.

பார்சல் வந்த அன்றைக்கே சந்தேகம் தொடங்கிவிட்டது. பெட்டியின் ஒரு பக்கத்து டேப் மற்றப் பக்கத்தைவிடப் புதிதாகத் தெரிந்தது. கொண்டுவந்தவரை வாசலிலேயே நிறுத்தி வைத்து நாலு பக்கமும் படம் எடுத்தேன். உள்ளே கொண்டுபோய், செய்முறைப் புத்தகத்தை விரித்து வைத்து, இரண்டு மாலை உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக எண்ணிப் பென்சிலால் குறித்தேன். ஒன்றும் குறையவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

கண்ணாடித் துண்டுகள் மட்டும் தனிப் பையில் இருந்தன. அவற்றில் ஒன்று விமானியின் தலைக்கு மேல் வரும் மூடி. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக், நடுவில் மெலிதாகப் புடைத்திருக்கும். மற்றத் துண்டு எது போனாலும் எதையாவது வெட்டித் தேய்த்து ஒப்பேற்றிவிடலாம். இது போனால் விமானம் போனது மாதிரிதான். இது இல்லாத சண்டை விமானம், பார்க்கிறவர் கண்ணுக்கு ஓட்டை விழுந்த பொம்மை.

மே மாதம் ஆரம்பித்து நாலு மாதம் அதிலேயே கிடந்தேன். அந்த நாலு மாதத்தில் என் விமானத்தை உண்மையாக ரசித்தவன் ஒரே ஒருவன்தான், என் மனைவியின் தம்பி. கீழக்குயில்குடியில் வீடு, மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் மோட்டார் காயில் கட்டும் கடை. எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி உயிர் கொடுக்கிறவன். அதனால் நுணுக்கமான வேலையின் அருமை அவனுக்குத் தெரியும். வரும்போதெல்லாம் நேராக மாடிக்குத்தான் வருவான். குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயிலில் சாமி பார்ப்பது மாதிரிப் பார்ப்பான். ஒருமுறை அந்தக் கண்ணாடி மூடியை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்து, இது நம்ம பேனாடார்ச்சுக்குப் போட்டா நல்லா இருக்கும் மச்சான் என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. அந்தப் பேச்சை மனதில் குறித்து வைத்துக்கொண்டேன். ஏற்கெனவே அவன் பெயரில் ஒரு குறிப்பு உண்டு. என்னிடம் வாங்கிப்போன கரண்ட் டெஸ்டரை இரண்டு வருடம் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தான், அதுவும் நான் கேட்ட பிறகு. புது ஒயர் மாற்றித்தான் கொடுத்தான் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. வீட்டிலிருக்கும் அரிவாள்மனை, ஸ்க்ரூடிரைவர், தையல் மெஷின், என் டேப்பு, டார்ச்சு எல்லாவற்றையும் துடைத்துக் கூடத்தில் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, தாம்பாளத்தில் பொரி குவித்துக் கும்பிடுவோம். மறுநாள் காலையில் இன்னொரு தடவை சூடம் காட்டும் வரை எந்தக் கருவியையும் தொடக்கூடாது. என் இடுக்கி, கத்தி, வர்ணம் அடிக்கும் துப்பாக்கி எல்லாம் கீழே வந்தன. விமானமும் வர வேண்டும் என்றாள் மனைவி. அது கருவி இல்லையே என்றேன். சண்டைக்குப் போனதுதானே, அப்ப ஆயுதந்தான் என்று முடித்துவிட்டாள்.

அன்று காலையில் நான் செய்திருக்கக்கூடாத வேலை ஒன்றைச் செய்திருந்தேன். கண்ணாடி மூடி பளிச்சென்று தெரிவதற்காக, தரைக்குப் பூசும் நிறமில்லாத பாலிஷில் அதை ஒருமுறை முக்கி எடுத்துக் காய வைப்போம். தூசி ஒட்டாமல் இருக்க மேலே ஏதாவது கவிழ்த்து மூடிவிட வேண்டும், ஒரு நாள் தொடக்கூடாது. எனக்குப் பொறுமை இல்லை. பூஜை நாளென்றும் பார்க்காமல் முக்கி எடுத்து, விமானம் இருந்த தட்டிலேயே ஓரமாக வைத்து, எவர்சில்வர் கிண்ணத்தால் கவிழ்த்து மூடினேன். தட்டோடு கீழே கொண்டுவந்து பொரித் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

கும்பிட்டு முடித்ததும் பழக்கம் விடாமல் நாலு பக்கமும் படம் எடுத்தேன். எடுத்துக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. திருமங்கலம் பக்கத்தில் வேனும் பஸ்ஸும் உரசிவிட்டன, போக்குவரத்து நிற்கிறது, வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் வந்து பாருங்கள் என்றார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திரும்பி வரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. மத்தியானம் தம்பி வந்து சாப்பிட்டுவிட்டுப் பொரி வாங்கிக்கொண்டு போனான் என்றாள் மனைவி. விமானத் தட்டு கூடத்தில் இல்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பொரி வாங்க வரும்போது தட்டிவிடுவார்கள் என்று தம்பியை விட்டு மாடியில் வைக்கச் சொன்னாளாம். தொடக்கூடாது என்றாயே என்றேன். கருவியைத்தான் தொடக்கூடாது, அது விளையாட்டுச் சாமான்தானே என்றாள். காலையில் ஆயுதமாக இருந்தது மத்தியானம் விளையாட்டுச் சாமான் ஆகிவிட்டது. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். தட்டில் விமானம் இருந்தது, பக்கத்தில் கிண்ணம் கவிழ்ந்தபடியே இருந்தது. ஒரு நாள் கணக்கு என்பதால் தூக்கிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் கிண்ணத்தைத் தூக்கினேன். அடியில் ஒன்றும் இல்லை.

தட்டை, மேஜையை, மாடிப்படியைத் தேடினேன். டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்துப் பார்த்தேன், அப்படி அடித்தால் கண்ணாடித் துண்டு மின்னும். பெருக்கிய குப்பையை டீ வடிகட்டியில் சலித்தேன். இரண்டு மணி நேரம் கழித்து முட்டி வலியோடு நிமிர்ந்தபோது என் மனதில் விசாரணை முடிந்திருந்தது. தட்டைத் தூக்கிப்போனவன் ஒருவன்தான். மாடியில் தனியாக இருந்தவன் ஒருவன்தான். கண்ணாடி மேல் ஆசைப்பட்டுப் பேசியவனும் அவன்தான்.

மனைவியிடம் முதலில் சாதாரணமாகக் கேட்கிற மாதிரிக் கேட்டேன். தம்பி மேலே எவ்வளவு நேரம் இருந்தான் என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

“எந்தம்பியையா சந்தேகப்படுறீங்க?”

சந்தேகமெல்லாம் இல்லை, நடந்ததைத் தெரிந்துகொள்கிறேன் என்றேன். இந்த வாக்கியத்தை நான் ஆபீசில் தினமும் சொல்கிறேன். அவள் அதற்குப் பிறகு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அவனுக்குப் போன் செய்தேன். எத்தனை மணிக்கு மேலே போனாய், எம்புட்டு நேரம் இருந்தாய், கிண்ணத்தைத் தொட்டாயா என்று வரிசையாகக் கேட்டேன். தட்டை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் மச்சான், கிண்ணத்தைத் தொடவில்லை என்றான். பத்து நிமிடம் ஒரு விமானத்தை எதற்காகப் பார்க்க வேண்டும்? தொடவில்லை என்பதை அவ்வளவு வேகமாக எதற்காகச் சொல்ல வேண்டும்? வண்டிக்காரர்களிடம் நான் பிடிக்கும் நூல் இதுதான். பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனே வந்தான். கூடத்தில் உட்காரச் சொன்னேன். கடையில் பேனாடார்ச்சு எத்தனை வைத்திருக்கிறாய் என்பது வரை கேட்டேன். முதலில் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. என் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கடைசியில் நான் எல்லா மனுதாரர்களிடமும் சொல்லும் சமாதான வார்த்தையைச் சொன்னேன்.

“எடுத்திருந்தா குடுத்துரு மாப்ள. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அவன் முகம் செத்துவிட்டது. எழுந்து சாமி அலமாரிக்குப் போனான். தட்டில் ஒரு கட்டிச் சூடத்தை வைத்துப் பற்ற வைத்தான். எங்கள் பக்கம் பழி சுமந்தவன் பேசும் கடைசிப் பேச்சு இது. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பஞ்சாயத்து கிடையாது. பொய்யாக அணைத்தால் வீட்டில் இருக்கும் உயிர் ஒன்றுக்கு ஆகாது என்பார்கள். அதனால் வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் சூடத்தைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். அவன் மனைவிக்கு அப்போது ஏழாவது மாதம். ஆறு வருடம் கோயில் கோயிலாக ஏறி இறங்கி நின்ற பிள்ளை.

வேணாம்டா தம்பி என்று என் மனைவி ஓடிவந்தாள். அதற்குள் அவன் கையை வைத்து அழுத்திவிட்டான்.

“நான் எடுக்கல. எங்க வீட்டுக்கும் கொண்டுபோகல.”

சூட வாசனை அடித்தது. கையைப் பார்க்காமல் மூடிக்கொண்டு, வாரேன்க்கா என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நான் நம்பினேனா? உண்மையைச் சொல்கிறேன், நம்பவில்லை. பதறினவன் சத்தியமும் பண்ணுவான் என்று நினைத்தேன். அவன் சொன்ன இரண்டு வாக்கியத்தையும் வார்த்தை மாறாமல் ஞாபகத்தில் வைத்துக்கொண்டேன், வாக்குமூலத்தை வைத்துக்கொள்வது மாதிரி.

சூடம் அணைத்ததிலிருந்து ஆறாவது நாள் மத்தியானம் அவன் திரும்ப வந்தான். மனைவி கடைக்குப் போயிருந்தாள். வாசற்படியிலேயே நின்று சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்தான். காயில் கட்டும்போது கம்பிக்கு அடியில் வைப்பார்களே, அந்தக் கெட்டிக் காகிதம். பிரித்தான். நடுவில் என் கண்ணாடி மூடி.

“எம் பையிலதான் கெடந்துச்சு மச்சான். மஞ்சப்பையில. எப்படி வந்துச்சுன்னு தெரியல. கொண்டுபோகலன்னு சூடத்தை அணைச்சுட்டேனே.”

பைக்கில் எப்போதும் தொங்கும் பை அது. கடைக்குச் சாமான் வாங்குவதும் அதில்தான், வீட்டுக்குக் காய்கறி வாங்குவதும் அதில்தான். உதறியபோது விழுந்ததாம். என்னிடம் அவன் மன்னிப்புக் கேட்க வரவில்லை, இதற்கு வேறு காரணம் இருக்கும் என்று என் வாயால் கேட்க வந்திருந்தான். அது எனக்கு அப்போது தெரியவில்லை. திருடனைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற திருப்தியில் பதில் சொன்னேன்.

“பரவாயில்ல, விடு மாப்ள.”

அவன் மூடியை என் உள்ளங்கையில் வைத்தான். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். தூக்கி எறிந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே, எதற்காகக் கொண்டுவந்தான் என்ற கேள்வி அவன் தெருமுனை திரும்பின பிறகுதான் எனக்கு வந்தது. திருடினவன் சத்தியமும் பண்ணிவிட்டு, பொருளையும் கொண்டுவந்து கொடுத்த கேஸ் என் அனுபவத்தில் ஒன்றுகூட இல்லை.

சாயங்காலம் கண்ணாடி மூடியைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். கீறல் இருக்கிறதா, டார்ச்சில் பொருத்திப் பார்த்த தடம் இருக்கிறதா என்றுதான் தேடினேன். ஓரத்தில் எள்ளில் பாதி அளவுக்கு ஏதோ இருந்தது. நகத்தால் தட்டினேன், விழவில்லை. அது பொரியின் தோல். மேலே ஒட்டியிருக்கவில்லை, பாலிஷுக்கு உள்ளே பதிந்திருந்தது. பாலிஷ் ஈரமாக இருந்தது பூஜையன்று காலையில் மட்டும்தான். அப்போதே இது பொரியில் கிடந்திருக்கிறது. மத்தியானம் அவன் மாடிக்குப் போகும்போது, முழுசாக இறுகாவிட்டாலும், எதுவும் உள்ளே பதியாத அளவுக்குக் காய்ந்திருக்கும்.

போனை எடுத்துப் பூஜைப் படங்களைப் பார்த்தேன். முதல் படத்தில் விமானம், முன்னால் கவிழ்ந்த கிண்ணம் இறக்கையை மறைத்துக்கொண்டிருந்தது. இரண்டாவது படமும் அப்படித்தான். மூன்றாவது படத்தில் கிண்ணம் தட்டில் இல்லை. படத்தின் ஓரத்தில் ஒரு இடது கை அதைப் பிடித்திருந்தது. விரலில் என் மோதிரம். பொரிக் குவியலின் உச்சியில் ஒரு மினுக்கம் தெரிந்தது. பெரிதாக்கினேன். அந்தக் கண்ணாடி மூடிதான்.

எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. கிண்ணம் படத்தைக் கெடுக்கிறதே என்று தூக்கினேன். ஈரமான மூடி தட்டில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கட்டும் என்று ஒரு நிமிடத்துக்குப் பொரியின் மேல் வைத்தேன். படம் எடுத்தேன். போன் அடித்தது. பேசிக்கொண்டே கிண்ணத்தை மட்டும் பழைய இடத்தில் கவிழ்த்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அந்தப் பொரியைத்தான் என் மனைவி அள்ளிப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டித் தம்பிக்குக் கொடுத்துவிட்டிருக்கிறாள். ஏதோ ஒரு பொட்டலத்தின் முடிச்சு நெகிழ்ந்து மூடி மஞ்சப்பையின் அடியில் விழுந்திருக்கிறது.

அந்த நேரம் மனைவி காபியோடு மாடிக்கு வந்தாள். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அவள் பூதக்கண்ணாடிக்கு அடியில் கிடந்த மூடியைப் பார்த்தாள், கவிழ்ந்த போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டம்ளரை வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

அப்போதே அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கீழக்குயில்குடி என்ன, வண்டியை எடுத்தால் அரை மணி நேரம். போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்றேன், நாளைக்கு ராஜபாளையம் ரோட்டில் வேலை இருந்தது. போனில் சொல்வது மரியாதை இல்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. இத்தனை வருடமாக ஊரான் வாயிலிருந்து உண்மையைப் பிடுங்கினவனுக்குத் தன் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. பரவாயில்லை விடு என்று பெரிய மனுசன் மாதிரிச் சொன்னேனே, அந்த வார்த்தையை எப்படித் திரும்ப எடுப்பது?

இப்படியே ஒன்பது நாள் போனது.

அந்த ஒன்பது நாளும் அவனைப் பற்றிச் செய்தி வந்துகொண்டே இருந்தது. மொட்டை போட்டுவிட்டான் என்றாள் மனைவி. செருப்புப் போடுவதில்லை, கவிச்சி தொடுவதில்லை, விடியும்போதே மலையடிவாரத்துக் கருப்பு கோயிலில் போய் நிற்கிறான் என்றாள். அவன் பெண்டாட்டி கேட்டதற்குப் பிள்ளைக்காக வேண்டுதல் என்றானாம். அவளுக்கு வேறு ஒன்றும் தெரியாது. வளைகாப்புக்கு நாள் குறிக்கலாமா என்று கேட்டால் கொஞ்சம் பொறுங்கள் என்கிறானாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு என் மனைவி என் முகத்தையே பார்ப்பாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

பத்தாவது நாள் காலையில் போன் வந்தது. முந்தின சாயங்காலத்திலிருந்து குழந்தை அசைவு தெரியவில்லை என்று அவன் பெண்டாட்டியை மதுரையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மனைவி ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். ஸ்கேன் அறைக்குள் பெண்களை மட்டும் விட்டார்கள். அவன் வெளியே மாடிப்படியில், வெறும் காலோடு, மொட்டைத் தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். அந்த நிலைமையிலும் மரியாதை.

“நான் பண்ணுன சத்தியம் மச்சான். பிள்ளை மேல எறங்கிருச்சு.”

பக்கத்தில் உட்கார்ந்தேன். போனை எடுத்து மூன்றாவது படத்தைப் பெரிதாக்கி அவன் கையில் கொடுத்தேன். இது என் கை, இது என் மோதிரம், இது பொரி, இது அந்தக் கண்ணாடி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். உன் அக்கா அள்ளிக் கட்டின பொரியோடு போயிருக்கிறது, நீ கொண்டுபோனாய் என்பது உனக்கே தெரியாது, தெரியாமல் நடந்ததற்குச் சத்தியம் பொய்யாகாது என்றேன். தப்பு முழுக்க என்னுடையது என்றும் சொன்னேன். அந்த அளவுக்கு உண்மை வாயில் வந்துவிட்டது.

அவன் ரொம்ப நேரம் பார்த்தான். போனைப் பிடித்திருந்த உள்ளங்கையில் சூடம் சுட்ட இடம் காசு அளவுக்குக் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. பிறகு ஒன்று கேட்டான், குற்றம் சாட்டுகிற குரலில் இல்லை, வெறுமனே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

“இதை எப்ப பாத்தீங்க மச்சான்?”

மனுதாரர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி அது. எப்ப நடந்துச்சு? இதில்தான் அவர்கள் மாட்டுவார்கள்.

“இன்னைக்குக் காலையிலதான் மாப்ள. பாத்த ஒடனே ஓடியாந்தேன்.”

அவன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான். இவ்வளவு நாள் ஏன் பார்க்கவில்லை, இன்றைக்கு ஏன் பார்த்தீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். நானும் அழுதேன். நான் எதற்காக அழுதேன் என்பதை அவன் தப்பாகப் புரிந்துகொண்டு என்னைத் தேற்றினான். அப்போது கதவு திறந்து என் மனைவி வெளியே வந்தாள். குழந்தை நன்றாக இருக்கிறது, புரண்டு படுத்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றாள்.

இரண்டு மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. விமானத்தையும் ஒட்டி முடித்துவிட்டேன். பொரித் தோல் பதிந்த கண்ணாடி மூடியை அப்படியே பொருத்தினேன், அதைச் சுரண்ட மனம் வரவில்லை. வருகிறவர்களை மாடிக்குக் கூட்டிப்போய் அதைக் காட்டுவது இப்போது அவன் வேலை. பேர் வைக்கிற அன்றைக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு முழுக் கதையும் சொன்னான். மச்சான் என்னைச் சந்தேகப்பட்டாரு, இல்லேன்னு சொல்லல, ஆனா அந்தப் போட்டோவைப் பாத்த நிமிசமே ஆஸ்பத்திரிக்கு ஓடியாந்து தப்பு என்னோடதுன்னு சொன்னாரு பாருங்க, அதுக்கு ஒரு மனசு வேணும் என்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவி பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி ஒரு கணம் நின்றது, பிறகு அடுத்த டம்ளருக்குப் போனது.

அவள் இதுவரை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மாடியில் போனைக் கவிழ்த்து வைத்தேனே, அது எந்தக் கிழமை என்று அவளுக்கு நிச்சயம் தெரியும். நான் கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பேன், அவள் கேள்வியே கேட்காமல் நிற்கக் கற்றுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிச் சூடம் காட்டிவிட்டு, எப்போதும் போலத் தட்டை என்னிடம் நீட்டுகிறாள். முன்பெல்லாம் சுடருக்கு மேலேயே கையை வைத்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். இப்போது எட்ட நின்று ஒற்றிக்கொள்கிறேன். சூடம் தானாக அணையும் வரை அவள் தட்டை நீட்டியபடியே நிற்கிறாள்.